எனாமல் போர்டா, ஷோரூம் புரோஷரா? பழைய கார் விளம்பரங்களை வாங்குமுன்

பொள்ளாச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய அப்பா ஒருகாலத்தில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருந்தவர். கார் கைமாறிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அப்பாவின் சதாபிஷேகம் நெருங்குகிறது. அந்தக் காரை நினைவூட்டும் பழைய விளம்பரப் பொருள் ஒன்றை அன்றைக்கு அவர் கையில் கொடுக்க ஆசைப்படுகிறார். 20,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார். காரைக்குடியில் ஒரு எனாமல் போர்டு பார்த்திருக்கிறார். சென்னையில் ஒருவர் ஹெரால்டு புரோஷர் காட்டியிருக்கிறார். ஃபிரேம் போட்ட பத்திரிகை விளம்பரங்கள் இணையத்தில் தினமும் கண்ணில் படுகின்றன. எதை எடுப்பது என்று தெரியவில்லை.

அதே வாரம் சேலத்து இளைஞர் ஒருவர் கேட்டார்: “சார், இதுல எது விலை ஏறும்?”

ஒருவருக்கு அப்பாவின் முகத்தில் ஒரு சிரிப்பு வேண்டும், இன்னொருவருக்கு முதலீடு. ஆனாலும் இரண்டு பேரும் ஒரே மூன்று விஷயங்களைத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பொருள் உண்மையிலேயே அரிதானதா? அந்த அரிதுக்குக் காசு கொடுக்க ஆள் இருக்கிறதா? அது அசல்தான் என்று எப்படிச் சொல்வது? நான் பதினெட்டு வருடமாக இந்தக் காகிதங்களையும் தகரங்களையும் சேர்த்து வருகிறேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

வயதானது எல்லாம் அரிது என்று நினைப்பதிலிருந்துதான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. அமெரிக்காவின் லைஃப் பத்திரிகை 1950களில் வாரம் 50 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. அதில் வந்த கேடில்லாக் விளம்பரத்துக்கு இன்று 70 வயது. அச்சான எண்ணிக்கையோ அவ்வளவு. மக்களும் அந்தப் பத்திரிகையைத் தூக்கிப் போடாமல் பரணில் அடுக்கி வைத்தார்கள். அதனால் அந்தத் தாள் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது. அதே காலத்தில் மதராஸில் ஒரு டீலர் சில நூறு பேருக்குக் கொடுத்த மடிப்புத் தாள் அன்றைக்கு மதிப்பில்லாதது. கார் வாங்கியதும் யாரும் அதைப் பத்திரப்படுத்தவில்லை. எத்தனை அச்சிட்டார்கள் என்பதோடு எத்தனை தப்பின என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் அரிதின் அளவு தெரியும்.

அடுத்தது, தேடுபவர்கள். 1985-ல் மதராஸின் ஸ்டாண்டர்டு நிறுவனம் ஸ்டாண்டர்டு 2000 என்ற பெரிய காரைக் கொண்டுவந்தது. அது ஓடவில்லை. சில வருடங்களில் நிறுத்திவிட்டார்கள். அதன் புரோஷர் உண்மையிலேயே அரிது. ஆனால் அதைத் தேடி அலைகிற ஆட்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். எதிர்ப்பக்கம் அம்பாசிடர். லட்சக்கணக்கில் ஓடிய வண்டி. 2014-ல் உத்தரபாரா ஆலையில் உற்பத்தி நின்ற பிறகு அதன் காகிதங்களைக் கேட்டு வருகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். அப்பா ஓட்டிய வண்டி, தாத்தா போன டாக்ஸி, கலெக்டர் வந்த வெள்ளைக் கார் என்று ஒவ்வொருவருக்கும் அதோடு ஓர் உறவு இருக்கிறது. அந்த உறவுதான் விலையாக மாறுகிறது.

மூன்றாவது, சான்று. இந்தப் பொருள் எந்த வருடம், எந்த ஊரில், யாருக்காகச் செய்யப்பட்டது என்று அந்தப் பொருளே சொல்ல வேண்டும். விற்பவர் சொல்லும் கதையை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் என் தராசில் எடை அதிகம்.

நான்காவது, நிலை. கிழிசல், துரு, மடிப்பு, ஒட்டுவேலை எல்லாம் இதில் அடங்கும். கடைசியாக, வாங்கிய விலைக்கு மேல் ஆகும் செலவு. ஃபிரேம், பார்சல், சுங்கவரி, பூச்சியிலிருந்து காப்பது என்று இது ஒரு தனிக் கணக்கு. வாங்கும் உற்சாகத்தில் யாரும் இதைப் போட்டுப் பார்ப்பதில்லை.

## எனாமல் போர்டு

சுவரில் மாட்டினால் இதற்கு ஈடு கிடையாது. இரும்புத் தகட்டின் மேல் கண்ணாடித் தூளைப் பூசி, ஏறத்தாழ 800 டிகிரி சூட்டில் சூளையில் வைத்து உருக்கி ஒட்டவைப்பதுதான் எனாமல். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகச் சூளை. அதனால்தான் எழுபது, எண்பது வருடம் வெயிலில் கிடந்தாலும் நிறம் வெளுக்காமல் நிற்கிறது. பிரிட்டனில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இதற்கென்று தொழிற்சாலைகள் எழுந்தன. பர்மிங்காம் அருகே செல்லி ஓக்கில் 1889-ல் தொடங்கிய பேட்டன்ட் எனாமல் கம்பெனி அவற்றில் பெயர்பெற்றது. அந்தக் காலப் போர்டுகளின் கீழ் ஓரத்தில் செய்தவர் பெயர் பொடி எழுத்தில் இருப்பதைப் பார்க்கலாம்.

நம் ஊரில் கிடைப்பதில் பெரும்பகுதி கார் கம்பெனி போர்டுகள் கிடையாது. பெட்ரோல், டயர், ஆயில், பேட்டரி போர்டுகள்தான் அதிகம். கார் டீலர்கள் ஊருக்கு ஒருவர் இருந்தாலே பெரிது. பெட்ரோல் பங்க்கும் பஞ்சர் கடையும் எல்லா ஊரிலும் இருந்தன. எனவே அம்பாசிடர், ஃபியட், ஹெரால்டு டீலரின் அசல் எனாமல் போர்டு கண்ணில் பட்டால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் நல்ல பொருள்களும் உண்டு. பக்கத்திலேயே புதிதாகச் செய்து பழசாக்கியவையும் உண்டு. மும்பை சோர் பஜாரிலும் இதே கதைதான்.

என் அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் ஒரு கடையில் டயர் போர்டு ஒன்றை 6,500 ரூபாய்க்கு வாங்கினேன். 1950களின் பொருள் என்றார் கடைக்காரர். ஓரமெல்லாம் துரு, நடுவில் இரண்டு சிராய்ப்பு, பார்க்க அப்படியே பழசு. கீழே மவுன்ட் ரோடு முகவரி, அதற்கு அடுத்து மதராஸ் 600 002. வீட்டுக்கு வந்த சித்தப்பா அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். தபால் இலாகாவில் முப்பது வருடம் இருந்தவர். “ஏன்டா, பின்கோடு வந்ததே எழுபத்திரண்டுலதானே?” என்றார். அவ்வளவுதான். 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வருவதற்கு முன் மவுன்ட் ரோடு முகவரிகள் மதராஸ்-2 என்று முடியும். அந்த இரவு அந்தப் போர்டை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு எதை எடுத்தாலும் அழகைப் பார்ப்பதற்கு முன் எழுத்தைப் படிக்கிறேன்.

எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிப் போலிகளை அங்கேயே பிடித்துவிடலாம். விலை அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன். நயா பைசா என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் நடுவில். பர்மா ஷெல் என்ற பெயர் 1928-ல் பிறந்தது, 1976-ல் அரசுடைமை ஆனதோடு முடிந்தது. எஸ்ஸோ 1974-ல் அரசின் கைக்குப் போய் ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் ஆனது. எம்.ஆர்.எஃப். டயர் தொழிலுக்கு வந்ததே 1960களின் தொடக்கத்தில். டயரைத் தூக்கிப்பிடித்து நிற்கும் அந்தப் பலசாலி வந்தது 1964-ல். எனவே பலசாலி படத்தோடு ‘1950களின் போர்டு’ என்று யாராவது நீட்டினால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். அம்பாசிடர் என்ற பெயர் 1950களின் கடைசியில் வந்தது. பத்மினி என்ற பெயர் 1970களில்தான் வந்தது, அதற்கு முன் அந்த வண்டி ஃபியட்.

எழுத்துக்கு அப்புறம் கை. அசல் எனாமலில் விரலை ஓட்டினால் ஒரு நிறம் முடிந்து இன்னொரு நிறம் தொடங்கும் இடத்தில் மெல்லிய படி தட்டும். சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மேற்பரப்பு லேசாக அலையடிக்கும். பெயர்ந்த இடத்தின் விளிம்பு கண்ணாடி உடைந்ததுபோல் கூர்மையாக இருக்கும், அடியில் கருநீலமோ கறுப்போ ஆன அடிப்பூச்சு தெரியும். ஆணி ஓட்டைகளைக் கட்டாயம் பாருங்கள். ஐம்பது வருடம் சுவரில் இருந்த போர்டில் ஆணியின் அழுத்தத்தால் ஓட்டையைச் சுற்றித்தான் முதலில் பெயரும், துருவும் அங்கிருந்துதான் பரவும். ஓட்டை புத்தம்புதிதாக இருந்து நடுவில் மட்டும் துரு என்றால் அது உப்புத்தண்ணீரின் வேலை. மெல்லிய தகரத்தில் பெயின்ட் அடித்ததாக இருந்தால் நகத்தாலேயே சுரண்டிவிடலாம். ஆனால் இப்போது சூளையில் சுட்ட அசல் எனாமலிலேயே போலி செய்கிறார்கள். அங்கே விரலும் நகமும் உதவாது. எழுத்தும் ஓட்டையும்தான் காட்டிக்கொடுக்கும்.

மறைமுகச் செலவு இதில் எடைதான். இரண்டடிக்கு மூன்றடிப் போர்டை காரைக்குடியிலிருந்து பார்சலில் அனுப்பினால் மரச்சட்டம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மூலை வளைந்தாலும் எனாமல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், அதை யாராலும் ஒட்ட முடியாது. கடலோர ஊர்களில் துரு விடாது. மென்மையான சோப்புத் தண்ணீர், உலர்ந்த துணி, பின்பக்கம் கொஞ்சம் மெழுகு, இவ்வளவு போதும். பித்தளைப் பாத்திரம்போலப் புளி போட்டுத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அமிலம் பட்டால் பழைய எனாமலின் பளபளப்பு போய்விடும், திரும்ப வராது.

எப்போது இதுவே சரியான தேர்வு? பெரிய சுவர் இருக்கிறது, நேரில் போய்க் கையில் தொட்டுப் பார்க்க முடியும், பட்ஜெட் தாராளம், இந்த நிபந்தனைகள் மூன்றும் சேர்ந்தால். படத்தை மட்டும் பார்த்து எனாமல் போர்டு வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

## ஷோரூம் புரோஷர்

என் மனம் இதில்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. காரணம் வரலாற்றில் இருக்கிறது.

1920களில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவுக்கு வந்து, பாகங்களை இணைத்து வண்டிகளைப் பூட்டி விற்றன. சுதந்திரத்துக்குப் பிறகு மதராஸிலேயே அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டியது. அந்த நிறுவனம்தான் 1955-ல் அசோக் லேலண்டு ஆனது. 1953-ல் அரசு, உதிரிப் பாகங்களை இங்கேயே தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்கள் கடையைக் கட்ட வேண்டும் என்று முடிவெடுத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. அதன் பிறகு கார் என்றால் மூன்றே பேர்: கல்கத்தா பக்கம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரிமியர், மதராஸில் ஸ்டாண்டர்டு. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்த காலம் அது. வரிசையில் நிற்கிறவரிடம் கார் வாங்குங்கள் என்று கெஞ்ச வேண்டிய தேவை எந்த டீலருக்கும் இல்லை. அமெரிக்காவில் ஒவ்வொரு செப்டம்பரும் புது மாடலுக்குப் புத்தகம் போலப் புரோஷர் அடித்துத் தள்ளியபோது இங்கே நான்கு பக்க மடிப்புத் தாள் ஒன்றே பல வருடம் ஓடியது. அச்சானதே குறைவு, தப்பியது அதிலும் குறைவு. இந்திய கார் புரோஷரின் அரிதுக்கு இதுதான் வேர்.

ஹெரால்டை எடுத்துக்கொள்வோம். 1961-ல் வந்தது. பெருங்களத்தூர் பக்கத்து ஆலையில் தயாரானது. முதலில் இரண்டு கதவு, பிறகு மார்க் 3-ல் நான்கு கதவு. 1970களின் தொடக்கத்தில் அதன் இடத்துக்கு கெஸல் வந்தது. ஏறக்குறைய பத்தே வருட வாழ்க்கை. அம்பாசிடர் அளவுக்கு எண்ணிக்கையும் கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு இருக்கும் பாசம் தனி, நம் ஊரில் செய்த கார் என்ற பெருமை. குறைவாகத் தப்பியது, ஆசையோடு தேடப்படுவது என்ற இரண்டும் ஒரே தாளில் சேரும்போதுதான் அரிது மதிப்பாக மாறுகிறது.

சான்று விஷயத்தில் புரோஷர் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். 1867-ஆம் வருடத்து அச்சகச் சட்டம் அச்சிட்டவர் பெயரையும் ஊரையும் போடச் சொன்னது. எனவே கடைசிப் பக்கத்தின் அடியில், சில சமயம் மடிப்புக்குள், பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயரைத் தேடுங்கள். பக்கத்தில் அச்சிட்ட மாதமும் பிரதி எண்ணிக்கையும் குறியீடாக இருந்தால் அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம் இல்லை. எரிபொருள் சிக்கனத்தை மைல், காலனில் சொல்கிறதா, கிலோமீட்டர், லிட்டரில் சொல்கிறதா என்று பாருங்கள். 1960களில்தான் மெட்ரிக் அளவுகள் முழுதாகப் பரவின.

அப்புறம் டீலர் முத்திரை. ஊதா மையில் ரப்பர் ஸ்டாம்ப், கோயம்புத்தூர் அல்லது மதுரை முகவரி, மூன்று நான்கு இலக்கத் தொலைபேசி எண். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பலர் இதைக் குறையாகப் பார்ப்பார்கள், அவர்களுக்குத் தாள் பளிச்சென்று இருக்க வேண்டும். நான் இதில் அவர்களோடு ஒத்துப்போவதில்லை. முத்திரை விழுந்த தாள் ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட கடையில், ஒரு மனிதர் கையில் இருந்திருக்கிறது என்பதற்கு ஆதாரம். விற்பனையாளர் பென்சிலால் ஆன்-ரோடு விலையைக் கூட்டிப் போட்டிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கொடுப்பேன். அச்சடித்த விலை கம்பெனி சொன்னது, பென்சில் விலை அந்தக் குடும்பம் உண்மையில் கொடுத்தது.

போலி இதிலும் உண்டு, ரீபிரிண்ட் என்று சொல்லாமல் விற்பார்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ஆஃப்செட் அச்சில் நிறப்புள்ளிகள் சின்னச் சின்னப் பூக்கள்போல வரிசையாக இருக்கும். இங்க்ஜெட்டில் தூவிய மணல்போலச் சிதறிக் கிடக்கும். பழைய புரோஷரை ஸ்கேன் செய்து அச்சிட்டால் எழுத்தின் விளிம்பிலும் புள்ளி வரும். அசலில் கறுப்பு எழுத்து கத்தி வெட்டியதுபோல இருக்கும். புற ஊதா டார்ச் இருந்தால் இன்னும் நல்லது. தாளை வெளுப்பாக்கும் ஒளிரும் வேதிப்பொருள் 1950 வாக்கில்தான் காகித ஆலைகளில் பரவியது. 1930களின் செவ்ரோலே புரோஷர் என்று சொல்லப்படுவது அந்த விளக்கில் நீலமாகப் பளீரென்று மின்னினால் விலையைக் கேட்கவே வேண்டாம். ஸ்டேபிள் ஊசியையும் பாருங்கள். ஊசி துருப்பிடித்து, அதன் கறை தாளில் இறங்கியிருக்க வேண்டும்.

சரி, இதன் மறைமுகச் செலவு என்ன? ராமபாணப் பூச்சி, கரையான், ஈரம். தாளைப் பாலியெஸ்டர் உறையில், அமிலம் இல்லாத அட்டையோடு வைக்க வேண்டும். சாதாரண பி.வி.சி. உறை சில வருடங்களில் மையை உரித்துக்கொண்டு வரும். ஃபிரேம் போட்டால் புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி வேண்டும், அதற்கு ஆகும் செலவு சில சமயம் புரோஷரின் விலைக்கே சமமாகிவிடும். தயவுசெய்து லேமினேஷன் போடாதீர்கள். நம் ஊரில் ரேஷன் கார்டிலிருந்து தாத்தா படம் வரை எல்லாவற்றையும் லேமினேட் செய்கிற பழக்கம் இருக்கிறது. பாதுகாக்கிற எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு எடுக்கவே முடியாது, அந்த நொடியே சேகரிப்பு மதிப்பு போய்விடுகிறது. ஹிந்துஸ்தான் லேண்ட்மாஸ்டர் புரோஷர் ஒன்றை இந்த நிலையில் பார்த்திருக்கிறேன். அம்பாசிடருக்கு முந்தைய வண்டி அது, 1950களில் சில வருடங்களே ஓடியது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.

## பத்திரிகை விளம்பரத் தாள்

நூறு ரூபாயில் தொடங்கலாம் என்பதே இதன் பலம். லைஃப், நேஷனல் ஜியாக்ரஃபிக் போன்றவற்றிலிருந்து கிழித்த அமெரிக்கக் கார் விளம்பரங்கள் ஃபிரேமோடு ஆயிரக்கணக்கில் விற்கின்றன. அழகு உண்டு, அரிது இல்லை. புகழ்பெற்ற விளம்பரம் என்பதற்காகவும் ஏமாற வேண்டாம். ஃபோக்ஸ்வேகனின் ‘திங்க் ஸ்மால்’ விளம்பர உலகையே புரட்டிப்போட்டது உண்மை. ஆனால் பரவலாகப் படிக்கப்பட்ட பத்திரிகைகளில் வந்ததால் தாளாகக் கிடைப்பது கடினமல்ல.

இந்தியப் பத்திரிகைத் தாள்களில் மதிப்புக் கூடும் பகுதி ஒன்று இருக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாய் சிவ்ரியில் வண்டி பூட்டத் தொடங்கியது. அதன் விளம்பரங்களைக் கவனிக்க அடுத்த வருடமே ஜே. வால்டர் தாம்சன் என்ற விளம்பர நிறுவனம் பம்பாயில் அலுவலகம் திறந்தது. நம் நாட்டின் நவீன விளம்பரத் தொழில் வளர்ந்ததில் ஒரு கார் கம்பெனிக்குப் பங்கு இருக்கிறது. 1930களில் இந்தியப் பத்திரிகைகளில் வந்த செவ்ரோலே, பியூக் விளம்பரங்களை நான் அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். தமிழ்ப் பத்திரிகைகளில் கார் விளம்பரம் இன்னும் குறைவு. என் கையில் வந்தவற்றில் டயர், பேட்டரி, லாரி விளம்பரங்களே அதிகம். தமிழில் வார்த்தை வார்த்தையாகக் காரைப் புகழும் முழுப்பக்க விளம்பரம் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

ஒரு வேண்டுகோள் உண்டு. பைண்டு செய்த பழைய இதழ்த் தொகுப்பிலிருந்து விளம்பரப் பக்கத்தை மட்டும் பிளேடால் அறுத்து விற்பவர்களிடம் வாங்காதீர்கள். முழு இதழுக்குத் தேதி உண்டு, பக்க எண் உண்டு, பக்கத்தில் என்ன கதை, என்ன செய்தி என்ற சூழல் உண்டு. அறுத்த தாளில் அதெல்லாம் போய்விடுகிறது, மிச்சப் புத்தகமும் எடைக்குப் போகிறது. 1985-ல் சென்னையில் பழைய புத்தகக் கடைகள் இருந்த மூர் மார்க்கெட் எரிந்தபோது எத்தனை பழைய இதழ்கள் சாம்பலாயின என்று பெரியவர்கள் இன்றும் சொல்லி வருந்துவார்கள். மிஞ்சியதையாவது முழுதாக வைப்போம். முடிந்தால் முழு இதழாக வாங்குங்கள். விலை சற்றுக் கூடும், திரும்ப விற்கும்போதும் அது கைகொடுக்கும்.

## டீலர் கொடுத்த இலவசப் பொருள்கள்

சாவிக்கொத்து, ஆஷ்ட்ரே, காலண்டர், பேனா ஸ்டாண்டு, டிக்கிக் கதவில் திருகிய சின்ன டீலர் பிளேட். இவற்றில் டீலர் பெயரும் ஊரும் பொறித்தவற்றை மட்டும் எடுங்கள். கம்பெனி முத்திரை மட்டும் உள்ளவற்றை இன்று யார் வேண்டுமானாலும் வார்க்கலாம். கனமான பித்தளையில் ரோல்ஸ்ராய்ஸ் என்று பொறித்த பேப்பர் வெயிட்டுகள் சுற்றுலாத் தலங்களில் குவிந்து கிடப்பது அப்படித்தான். டீலர் பிளேட் எனக்கு மிகவும் பிடித்தது. காயலான் கடைக்குப் போன வண்டியிலிருந்து கழற்றியது, இரண்டு திருகு ஓட்டையோடு இருக்கும். சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிப் பாகக் கடைகளில் பொறுமையாகக் கேட்டால் கிடைக்கலாம். காலண்டரில் வருடம் அச்சாகியிருப்பதால் காலச் சந்தேகமே இல்லை. ஆனால் பன்னிரண்டு தாளும் முழுதாக இருப்பது அபூர்வம், ஒவ்வொரு மாதமும் கிழித்துப் போடத்தானே கொடுத்தார்கள்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | எனாமல் போர்டு | ஷோரூம் புரோஷர் | பத்திரிகை விளம்பரம் | இலவசப் பொருள் |
|---|---|---|---|---|
| நுழைவு விலை | பல ஆயிரம் முதல் | சில நூறு முதல் சில ஆயிரம் | நூறு ரூபாய் முதல் | சில நூறு முதல் |
| போலி ஆபத்து | மிக அதிகம் | நடுத்தரம், லென்ஸால் பிடிக்கலாம் | குறைவு | பித்தளையில் அதிகம், காலண்டரில் குறைவு |
| காலச் சான்று | முகவரி, கம்பெனிப் பெயர் | அச்சக வரி, முத்திரை, அளவுகள் | முழு இதழாக இருந்தால் துல்லியம் | டீலர் பெயர் இருந்தால் மட்டும் |
| காக்கும் சிரமம் | துரு, அடிபடுதல் | பூச்சி, ஈரம், வெளிச்சம் | தாள் நொறுங்கும் | அநேகமாக இல்லை |
| மறைமுகச் செலவு | மரச்சட்டப் பார்சல் | உறை, நல்ல கண்ணாடி ஃபிரேம் | ஃபிரேம் விலை தாளை மிஞ்சும் | இல்லை |
| திரும்ப விற்க | அசல் என நிரூபித்தால் எளிது | சரியான ஆளுக்காகக் காத்திருக்க வேண்டும் | கடினம் | சில்லறையாக |

## யாருக்கு எது

சேலத்துத் தம்பிக்கு முதலில் ஒன்று சொல்கிறேன். விலை ஏறும் என்ற ஒரே காரணத்துக்காக இதில் இறங்க வேண்டாம். வாங்கும்போது கடைக்காரரின் லாபம், விற்கும்போது ஏலக் கமிஷன், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் கட்டணத்தோடு சுங்கவரி. இவை எல்லாம் போக மிஞ்சினால்தான் லாபம். வெளிநாட்டுக்காரரிடம் விற்கும் யோசனை இருந்தால் சட்டத்தையும் பாருங்கள். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த பொருள்களைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. 1920களின் போர்டுகள் இப்போது ஒவ்வொன்றாக அந்தக் கோட்டைத் தொடுகின்றன.

அப்படியும் ஆசை இருந்தால் முத்திரை உள்ள இந்தியப் புரோஷர்களை வாங்குங்கள். அதிலும் மாருதி 800-ன் முதல் வருடங்களைத் தேடுங்கள். 1983 டிசம்பரில் வந்த வண்டி அது. அதில் பள்ளிக்குப் போன பிள்ளைகள் இப்போது சம்பாதிக்கிற வயதில் இருக்கிறார்கள். அந்தக் காகிதங்களை இன்னும் பழைய பேப்பர் கடையில் எடைக்குத்தான் போடுகிறார்கள். என் கணிப்பு தவறலாம். ஆனால் இன்றைக்கு அதிகப் பணம் போடாமல் தொடங்கக்கூடிய இடம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டு வரவேற்பறையையோ ஓட்டலையோ அலங்கரிக்கத்தான் வேண்டும் என்பவர்கள் ‘இது புதிதாகச் செய்தது’ என்று சொல்லியே விற்பவரிடம் நல்ல எனாமல் நகல் ஒன்றை வாங்கிவிடலாம். அதில் எந்தக் குறையும் இல்லை. அசல் விலை கொடுத்து நகல் வாங்குவதுதான் தவறு.

பொள்ளாச்சி அம்மாவுக்கு என் பதில் ஹெரால்டு புரோஷர். காரைக்குடிப் போர்டின் படங்களை அனுப்பியிருந்தார். பெரிதாக்கிப் பார்த்தேன். ஆணி ஓட்டைகள் நான்கும் சுத்தமாக இருக்கின்றன, துரு எல்லாம் நடுவில். விலை 18,000 சொல்கிறார்கள். வேண்டாம் என்றேன். புரோஷருக்குக் கேட்கும் விலை அதில் பாதிகூட இல்லை. மிச்சப் பணத்தில் நல்ல கண்ணாடி போட்ட ஃபிரேமும், முடிந்தால் ஹெரால்டு விளம்பரம் வந்த முழு இதழ் ஒன்றும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபிரேமை மட்டும் திறந்து மூடும்படி செய்யச் சொல்லியிருக்கிறேன், அப்பா தாளைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்க்க ஆசைப்படுவார்.

ஒன்று மட்டும் பாக்கி. அந்தப் புரோஷரின் பின்பக்கம் ஊதா மையில் ஏதோ முத்திரை மங்கலாகத் தெரிகிறது, ஊர் பெயர் புரியவில்லை. பகல் வெளிச்சத்தில் சாய்வாக ஒரு படம் எடுத்து அனுப்பும்படி விற்பவரிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அப்பா அந்தக் காரை வாங்கியது கோயம்புத்தூரில் என்று அவர் எழுதியிருந்தார்.